நுண்துகள் விளைக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளிலும் வெல்டிங் பட்டறைகளிலும் எழும் புகையில், நூறு நானோமீட்டருக்கும் சிறிய உலோகத் துகள்கள் கலந்திருக்கின்றன. வெல்டிங் புகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2017-இல் புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்றாக நிர்ணயித்தது. இத்துகள்கள் தூண்டும் வீரியமிக்க ஆக்சிஜன் வடிவங்கள் உயிரணுவின் தற்காப்பை விஞ்சும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அதை ஆய்வுக்கூடத்தில் அளக்க விழையும் மாணவர், துகளே அளவையைக் கெடுக்கக்கூடும் என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

1. துகளை அறிக. சீரம் கலந்த வளர்ப்புத் திரவத்தில் துகள்களின்மேல் புரதம் படியும், அவை திரண்டும் போகும். ஆதலால் மீயொலித் தொட்டியில் கலக்கிய உடனேயே, அதே திரவத்தில் பருமனை அளந்து குறித்துக்கொள்க.

2. சாயத்தைச் சோதிக்க. டி.சி.எஃப்.எச்.-டி.ஏ. என்னும் சாயம், உயிரணுவுக்குள் அசிட்டேட் பகுதியை இழந்து ஆக்சிஜனேற்றம் அடைந்த பின்னரே, 485 நானோமீட்டர் நீல ஒளி பட்டால் 530 நானோமீட்டரளவில் பச்சையாய் ஒளிரும். ஆயினும் இரும்பு, செம்புத் துகள்கள் உயிரணு இல்லாமலே அதை ஒளிரச் செய்யலாம். கரித்துகள் ஒளியை விழுங்கிவிடலாம். ஆகவே சோடியம் ஹைட்ராக்சைடினால் அசிட்டேட்டை நீக்கிய சாயத்தை உயிரணு இன்றித் துகளோடு சேர்த்து அளக்க. சாயத்தின் ஆக்சிஜனேறிய, முன்னமே ஒளிரும் வடிவமான டி.சி.எஃப். கரைசலில் துகளையிட்டு ஒளி குறைகிறதா என்றும் பார்க்க.

3. குழித்தட்டை வகுக்க. உயிரணு மட்டும், அதனுடன் சாயம், சாயமின்றித் துகள், மூன்றும் சேர்ந்தது, ஹைட்ரஜன் பெராக்சைடு இட்டது எனக் குழிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் மும்முறை அமைக்க. சாயம் வெளிச்சத்தில் தானே மாறுமாதலால் தட்டை இருளில் வைக்க. துத்தநாக ஆக்சைடு போன்ற துகள் கரைந்து அயனியாகக்கூடும். துகளைச் சுழற்றிப் பிரித்த தெளிநீரையும் தனியே சோதித்தாலன்றி, விளைவு துகளாலா, அயனியாலா என்பது விளங்காது.

4. இரண்டாம் சாட்சியைத் தேடுக. உயிரணுவின் தற்காப்பு மூலக்கூறான குளூட்டாதயோனின் இயல்பு வடிவத்துக்கும் ஆக்சிஜனேறிய வடிவத்துக்கும் உள்ள விகிதத்தையும் காண்க. ஆக்சிஜனேற்றத் தடுப்பியான என்-அசிட்டைல் சிஸ்டீனை முன்கூட்டிக் கொடுத்தபின் ஒளி தணியுமாயின் ஐயம் குறையும். லக்னோவின் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அலோக் தவனும் வியோமேஷ் சர்மாவும், நானோதுகளின் நச்சுத்தன்மையை மதிப்பிடும் முறைகளையும் அவற்றின் சிக்கல்களையும் 2010-இல் ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

5. துகளின் அளவைப் படிப்படியாய் உயர்த்துக. உயிரணுக்கள் பெருவாரியாய் மடியும் அளவில் காணும் அழுத்தம், மரணத்தின் காரணமா விளைவா என்று பகுக்க முடியாது. அவை வாழும் அளவிலேயே தீர்மானம் கொள்க.

முடிவை எழுதும்போது உயிரணுவற்ற குழிகளின் எண்களையும் மறைக்காது சேர்த்திடுக. பட்டறையில் புகையுறிஞ்சி வேண்டுமா என்பதைத் தொழிலாளியின் சார்பில் வாதிக்க வருபவர், அந்த எண்களின் நேர்மையையே ஆதாரமாகக் கொள்ள வேண்டியிருக்கும்.