‘ரெண்டுங்கெட்டான்’ என்று யாரும் பிறப்பதில்லை

“ரெண்டும் இருக்குமாமே?”

இடைப்பாலினர் என்றதும் பலர் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் முழுசாக, இரண்டும் வேலை செய்கிற மாதிரி ஒரே உடம்பில் அமைவது மனிதர்களிடம் இல்லை. குரோமோசோம், உள்ளே இருக்கும் இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன், வெளியே தெரியும் உறுப்பு ஆகியவை வழக்கமான விதத்தில் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுதான் இடைப்பால். பிறந்த அன்றே தெரிவதும் உண்டு. தெரியாமலே ஆயுசு முடிவதும் உண்டு.

ஒரு வகையைப் பார்ப்போம். குரோமோசோம் எக்ஸ்-ஒய். வயிற்றுக்குள் விந்தகம் இருக்கிறது, அது டெஸ்டோஸ்டிரோனையும் சுரக்கிறது. ஆனால் உடம்பின் செல்கள் அதை ஏற்பதில்லை. அதனால் குழந்தை பெண்ணாகவே பிறக்கிறது, வளர்கிறது, பருவத்தில் மார்பும் வளர்கிறது. கர்ப்பப்பை மட்டும் கிடையாது. பதினைந்து வயதைத் தாண்டினால் “உன் மக இன்னும் உட்காரலையா?” என்று அக்கம்பக்கம் கேட்க ஆரம்பிக்கும். தாய்மாமன் சீர் பற்றிப் பேச்சு வந்தாலே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். உளுந்தங்களி, நாட்டு மருந்து, குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன் எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கேன். டாக்டர் விஷயத்தைச் சொல்வது அப்பா அம்மாவிடம். உடம்புக்குச் சொந்தக்காரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். உடம்பைவிட இந்த மூடிமறைப்புதான் அதிகம் வலித்தது என்று வளர்ந்த பிறகு சொல்பவர்கள் பலர்.

“அப்போ திருநங்கைதானே?”

இல்லை. பிறந்தபோது பதிவான பாலும் தான் உணரும் பாலும் வேறாக இருப்பவர்கள் திருநர். இடைப்பால் என்பது உடலமைப்பு. இடைப்பாலினரில் பெரும்பாலோர் தங்களைச் சாதாரணமாக ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்பவர்கள். ஊர் குழம்புவதைக் குறைசொல்லிப் பயனில்லை. 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே திருநர் என்ற வரையறைக்குள் இவர்களையும் போட்டு வைத்திருக்கிறது.

“லட்சத்தில் ஒருத்தர்.”

ஐ.நா. எடுத்துக்காட்டும் மதிப்பீடு 0.05 முதல் 1.7 சதவீதம் வரை. எதையெல்லாம் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். மேல் எண்ணை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. கென்யா 2019 கணக்கெடுப்பில் இடைப்பாலினரைத் தனியாக எண்ணியது. கிடைத்தது 1,524 பேர். அந்நாட்டின் 4.75 கோடி மக்கள்தொகைக்கு, குறைந்தபட்ச மதிப்பீட்டின்படியே 23 ஆயிரத்துக்கு மேல் வர வேண்டும். கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளரிடம் இதைச் சொல்ல எத்தனை குடும்பம் துணியும்? இந்தியாவின் 2011 கணக்கெடுப்பிலோ ‘மற்றவர்’ என்ற ஒரே மூட்டையில் 4,87,803 பேர். அதற்குள் யார் யார் என்று பிரிக்க வழியில்லை.

“ஆம்பளைன்னு கண்டுபிடிச்சுட்டாங்க.”

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்திரராஜன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கம் பறிபோனது. டாக்டர் அறைக்குள் இருக்க வேண்டிய விஷயம் டிவி செய்தியானது. முதல்வராக இருந்த கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஆனாலும் சில ஆண்டுகளில் செங்கல் சூளையில் கூலி வேலைக்குப் போகும் நிலை வந்தது. பிறகு பயிற்சி முடித்துக் கோச் ஆனார். பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்பது விதி பற்றிய விவாதம், அதில் இரு பக்கமும் வாதங்கள் உண்டு. பெண்ணாகவே பிறந்து வளர்ந்த ஒருவரை மோசடிக்காரர் என்பது அந்த விவாதமே அல்ல, அவதூறு.

“கிரகணத்தில் வெளியே வந்ததால், சொந்தத்தில் கட்டியதால்.”

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு: அட்ரினல் சுரப்பி சார்ந்த ஒரு வகைக்கு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும், நெருங்கிய சொந்தத்தில் அதற்கு வாய்ப்பு கூடும். இது யாருடைய பாவமும் இல்லை.

“சின்னதிலேயே ஆபரேஷன் பண்ணிட்டா பிள்ளைக்கு நல்லது.”

மிக அதிகம் கெடுதல் செய்திருப்பது இந்த நம்பிக்கைதான். மேலே சொன்ன அட்ரினல் வகையில் அவசரம் உண்மையிலேயே உண்டு. பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் உடம்பிலிருந்து உப்பு வெளியேறி, வாந்தி எடுத்து, எடை இறங்கி, கவனிக்காவிட்டால் குழந்தை இறந்தே போகலாம். அதற்குத் தேவை ஹார்மோன் மருந்தும் உப்பும். உறுப்பின் வடிவத்தை மாற்றுகிற கத்தி அல்ல. அப்படி வெட்டியதால் உணர்ச்சி போனவர்கள், தழும்போடு வாழ்பவர்கள், சுரப்பியை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்க மாத்திரையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். வழக்கு என்னவோ தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்வது பற்றியது. அந்தத் தீர்ப்பிலேயே, இடைப்பால் குழந்தைகளுக்குப் பாலை ‘சரிசெய்யும்’ அறுவையைத் தடுக்கச் சொன்னார். மதுரை செயல்பாட்டாளர் கோபி ஷங்கர் போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது அது. அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு ஆணை போட்டது; இந்தியாவில் இதுவே முதல். 2015-இல் உலகில் முதலில் தடைச் சட்டம் கொண்டுவந்தது மால்டா.

பிரசவ வார்டில் யாராவது அவசரப்படுத்தினால், “உயிருக்கு என்ன ஆபத்து?” என்று கேளுங்கள். உயிராபத்து இருந்தால் மட்டுமே விலக்கு. அதையும் ஆணைப்படி முடிவு செய்ய வேண்டியது அறுவை நிபுணர், ஹார்மோன் நிபுணர் உள்ளிட்ட ஒரு குழு. தனி ஒரு சர்ஜனோ, “ஊருக்கு என்ன பதில் சொல்ல” என்று கேட்கும் பாட்டியோ அல்ல.