வலியறிந்து பூட்டும் எஞ்சின்

குறிகட்டுவான் துறையிலே படகுக்கு எஞ்சின் தேர்வோர், அதன் குதிரைவலு எத்தனை என்று மட்டும் கேட்டு அமைவதில்லை. படகின் உடல் அதனைத் தாங்குமா, எந்த எண்ணெய் எளிதிற் கிடைக்கும், நெடுந்தீவுக் கடலின் நடுவே பழுதுபட்டால் யார் திருத்துவர் என்றும் ஆராய்வர். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெருவலு எஞ்சின் பூட்ட விழைவோனும் இவ்வினாக்களையே கேட்டல் வேண்டும். தமிழாசிரியனுக்கு எஞ்சினோடு என்ன உறவு என்று பழைய மாணவர் நகைக்கலாம். வலியறிதலை விளக்கப் புகுந்த வள்ளுவரே வண்டியின் அச்சை எடுத்துக்காட்டினார் என்பதை அவர்க்கு நினைவூட்டி மேற்செல்கின்றேன்.

முதற்கண் வலு யாதென அறிவோம். எஞ்சினின் முறுக்குவிசையும் அதன் சுழல்வேகமும் சேர்ந்தே வலுவாகின்றன. நிமிடத்துக்கு 5252 சுற்றிலே 300 இறாத்தல்-அடி முறுக்குவிசை தரும் எஞ்சினின் வலு 300 குதிரைவலுவாகும். ஆகவே வலுவைப் பெருக்க வழிகள் இரண்டு. உருளைகளைப் பெரிதாக்கலாம், அல்லது சுழல்வேகத்தை உயர்த்தலாம். முன்னதனாற் பாரம் கூடும். பின்னதனால் உறுப்புகள் விரைவில் தேயும்.

தேர்வுக்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் 1953இல் வெளியிட்ட 'ஏஸ்' என்னும் இலேசான காருக்குப் பின்னாளில் 2 லீற்றர் பிரிஸ்ரல் எஞ்சின் பொருத்தப்பட்டது. அவ்வெஞ்சின் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்க ஓட்டவீரர் கரோல் ஷெல்பி 1962இல் போர்ட் நிறுவனத்தின் வி-8 எஞ்சினை அதிற் பூட்டினார். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 4.3 லீற்றர். எனினும் அதன் இரும்பு மெல்லிய சுவருடையதாக வார்க்கப்பட்டமையால், அளவுக்கேற்ற பாரம் அதற்கில்லை. அத்தேர்வின் நுட்பம் இதுவே. 1965இல் 7 லீற்றர் எஞ்சின் பூட்ட நேர்ந்தபோதோ பழைய சட்டகம் போதவில்லை. அதன் முதன்மைக் குழாய்களின் விட்டம் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாயிற்று. வில்தகடுகள் நீங்கிச் சுருள்விற்கள் வந்தன. எஞ்சினை மாற்றியவர் வண்டியையே மாற்ற வேண்டியவரானார்.

இனி, கட்டும் முறை. பழைய எஞ்சினை முற்றாகக் கழற்றிக் கழுவி, உருளைகளின் தேய்வை மைக்குரோமீற்றரால் அளத்தல் வேண்டும். சுழற்றித்தண்டில் மயிரிழை வெடிப்பு உண்டோ எனச் சோதித்தல் வேண்டும். பிஸ்டன்களை நிறுத்து ஒரே பாரத்தினவாக்கல் வேண்டும். 2 அங்குல விட்டமுள்ள தண்டுக்குத் தாங்கியில் ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளி விடுவர். அது குறைந்தால் எண்ணெய்ப் படலம் நில்லாது. கூடினால் எண்ணெய் அழுத்தம் தாழும். கண்ணால் மதிப்பிட்டுப் பூட்டியவன் பின்னர் இருமுறை கழற்றுவான்.

எரிபொருளை மறத்தலும் ஆகாது. அமுக்க விகிதம் உயர்ந்தால் வலு மிகும். ஆனால் உயர்தரப் பெற்றோல் வேண்டும். இதனை நம் குடாநாடு 1990களிற் பட்டறிந்தது. பெற்றோல் அரிதாகிய அந்நாளில், ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. புகை மிகுந்தது, எஞ்சினும் தேய்ந்தது. எனினும் தாழ்ந்த அமுக்க விகிதத்தால் அவை ஓடின, நோயாளரையும் சுமந்தன. உயர்ந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் காலத்துக்கு முந்தி வெடித்துப் பிஸ்டனையே சிதைக்கும். பந்தயத்துக்கென அமைத்த எஞ்சின் அந்நாளிற் கொட்டிலிலேயே கிடந்திருக்கும்.

மாணவர்காள்! பண்ணைத் தாம்போதியிலே விரைந்து செல்ல எஞ்சின் போதும். உரிய இடத்தில் நிற்கத் தடுப்பு வேண்டும். எஞ்சினுக்குச் செலவிடுமுன் தடுப்பு, சில்லு, அச்சு, சட்டகம் ஆகியவற்றைச் சீர்செய்க. அவற்றுள் மிக மெலிந்தது எதுவோ, அதன் வலியே வண்டியின் வலி. அதனை அளந்தறிந்த பின்னரே குதிரைவலுவை எண்ணுக.