மரவள்ளிக்கிழங்கை உண்ணலாமா?

“டாக்டர், மரவள்ளிக்கிழங்கு சாப்பிடலாமா?” சேலம், நாமக்கல் வட்டாரத்திலிருந்து வரும் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எந்தக் கிழங்கு, எவ்வாறு வேகவைத்தது, எதனுடன் உண்பது, உண்பவருக்கு என்ன நோய் என்பவற்றை அறிந்த பின்னரே நாங்கள் விடை கூற இயலும்.

மரவள்ளியின் இலை, தோல், கிழங்கு மூன்றிலும் லினமாரின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அதிலேயே உள்ள ஒரு நொதி இதனைச் சிதைக்க, சயனைடு வெளிப்படுகிறது. இனிப்பு வகைகளில் இந்நஞ்சு பொதுவாக ஒரு கிலோ கிழங்குக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைவு. கசப்பு வகைகளில் 100 மில்லிகிராமைத் தாண்டும். வறட்சியில் வளர்ந்த கிழங்கில் மேலும் கூடும். ஜவ்வரிசி ஆலைகளுக்கென விளைவிக்கப்படும் கிழங்குகளிலும் கசப்பு மிக்கவை உண்டு. ஆலையில் கிழங்கை அரைத்துப் பலமுறை நீரில் அலசுவதால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. வீட்டு அடுப்பில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆகவே சமையலுக்குரிய வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்நஞ்சு எவ்வளவு கொடியது என்பதை ஆப்பிரிக்கா காட்டியது. 1981இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாநிலத்தில் கடும் வறட்சி. பசியின் நெருக்கடியில் மக்கள் கசப்பு மரவள்ளியை நெடுநாள் பதப்படுத்தாமல் அவசரமாக உண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் திடீரென விறைத்துச் செயலிழந்தன; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்குப் பணியாற்றிய சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கும் அவருடைய குழுவினரும் காரணத்தை ஆராய்ந்தனர். காங்கோவில் இந்நோய் 1938இலேயே பதிவாகியிருந்தது. ‘கோன்சோ’ என்பது அதன் பெயர். ‘கட்டுண்ட கால்கள்’ என்பது பொருள். ஒருமுறை வந்த முடக்கம் மீள்வதில்லை.

கிழங்கை மட்டுமே நாள்தோறும் உண்டோரையே இந்நோய் தாக்கியது. உடலில் சேரும் சயனைடை நம் ஈரல் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றும். அதற்குக் கந்தகம் தேவை. அது புரதத்திலிருந்து கிடைக்கிறது. கேரளத்தார் கப்பையுடன் மீன்குழம்பு சேர்ப்பதை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். மிளகாய்த் துவையலோடு மட்டும் உண்ணும் வழக்கமுள்ளவர்கள் மீன், முட்டை, பருப்பு இவற்றில் ஒன்றையேனும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகவைக்கும் முறையில் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. கொதிநீர் லினமாரினை அழித்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். அது பெரும்பாலும் அழிவதில்லை. நீரில் கரைந்து வெளியேறுகிறது. எனவே புறத்தோலோடு அதன் அடியிலுள்ள தடித்த தோலையும் உரித்து, கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுதியான நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிடுங்கள். குக்கரில் கொஞ்சம் நீர் விட்டு வேகவைப்பது இக்கிழங்குக்கு ஏற்றதன்று. பச்சையாக ஒரு துண்டையும் குழந்தைகளுக்குத் தராதீர்கள். பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கருமைக் கோடுகள் தோன்றும்; அத்தகைய கிழங்கை வாங்க வேண்டாம்.

நீரிழிவு உள்ளோர்க்கு வேறொரு கணக்கு. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து. புரதமோ ஒன்றரை கிராமுக்கும் குறைவு. உண்பதாயின் அவ்வேளைச் சோற்றுக்கு மாற்றாக, அளவோடு உண்ண வேண்டும். சோற்றோடு கூடுதலாக அன்று. நோயாளிக்கு ‘இலேசான உணவு’ என்று உறவினர் அன்போடு கொண்டுவரும் ஜவ்வரிசிக் கஞ்சி, அநேகமாக வெறும் மாவுச்சத்தே. அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆறப் புரதம் வேண்டும். அக்கஞ்சி அதைத் தருவதில்லை.

தயோசயனேட்டு, தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் செல்வதைத் தடுக்கும். அயோடின் உப்பைப் பயன்படுத்தி, எப்போதாவது கிழங்கு உண்போர் அஞ்ச வேண்டியதில்லை. சிறுநீரக நோயாளிகள் இதிலுள்ள பொட்டாசியத்தைக் கருதி மருத்துவரைக் கேட்டபின்னரே உண்ண வேண்டும்.

கிழங்கு உண்ட சில மணி நேரத்திற்குள் வாந்தி, தலைவலி, தலைச்சுற்றல், மூச்சு வாங்குதல், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வீட்டில் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். இந்நஞ்சுக்கு முறிவு மருந்து உண்டு. நோயாளி மரவள்ளி உண்டார் என்பதை வந்தவுடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதிக் கிழங்கு இருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.