குளிர்காலத்தைக் குறித்துச் சில தப்பபிப்பிராயங்கள்

கார்த்திகை தீபம் கழிந்து, ஈரக்காற்றில் சற்றே வறட்சி தட்டத் தொடங்கும் நாட்களில், இந்த ஆண்டு குளிர் எப்படியிருக்கும் என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுவது இயற்கையே. ஆனால் அதற்கு விடையாகக் கைப்பேசிகளின் வழியே ஊரெங்கும் பரவும் செய்திகளில் பல, பாதி உண்மையும் பாதி பீதியும் கலந்து செய்தவையாக இருப்பதால், மலைச்சரிவில் தேயிலை வளர்க்கும் சிறு விவசாயியும், இளைப்பு நோயுள்ள முதியவரை வைத்துப் பேணும் குடும்பமும் அவற்றை நம்பி வீணே அஞ்சுகிறார்கள். உண்மையிலேயே எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இரவிலோ அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

பூமி சூரியனை விட்டு விலகிப் போவதால்தான் குளிர் உண்டாகிறது என்பது இவற்றுள் மிகப் பழைய நம்பிக்கை. சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் 9 கோடி கிலோமீட்டரிலிருந்து 15 கோடியே 20 லட்சமாகப் பெருகப் போகிறதென்றும், அதனால் என்றுமில்லாத குளிரும் நோயும் வருமென்றும் ஒரு செய்தி சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப உலவுகிறது. வாஸ்தவத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான்; அப்போது இடைத்தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். மிகத் தொலைவுக்குச் செல்லும் ஜூலை மாதத்தில் அது சுமார் 15 கோடியே 21 லட்சம். 9 கோடி என்பது எக்காலத்திலும் இல்லை. பருவங்களைச் செய்வது தூரமன்று, பூமியின் அச்சு இருபத்துமூன்றரை பாகை சாய்ந்திருப்பதே.

பகல் மிகக் குறுகிய டிசம்பர் 21, 22 தேதிகளே குளிரின் உச்சம் என்ற எண்ணமும் உண்டு. நிலமும் நீரும் சேர்த்து வைத்த வெப்பத்தை இழக்க நாளாகும் என்பதாலும், நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுப்பதற்கே மார்கழி பாதி கடந்துவிடும் என்பதாலும், தைமாதத்துப் பனி தரையைத் துளைக்கும் என்று சொல்லிவைத்த நம் முன்னோரின் அனுபவமே இங்கே சரியானது.

மழை பெய்தால் குளிர் கூடும் என்பது பாதி உண்மை. புயற்சின்னம் கரையருகே நிற்கும் நாளில் சென்னையில் பகல் வெப்பநிலை 25 டிகிரியைத் தொடாமலே போகலாம்; எல்லோரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அன்றிரவு வெப்பநிலை 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஏனெனில் மேகமும் ஈரமும் பூமியின் மேல் விரித்த கம்பளியைப்போல, நிலத்திலிருந்து எழும் உஷ்ணத்தைத் தப்பவிடாமல் தடுத்துவிடுகின்றன. மெய்யான இராக்குளிர் மழை விட்டபிறகு, ஆகாயம் நிர்மலமாகி, காற்று அசைவற்று, ஈரம் வற்றிய பின்னரே வருகிறது.

இந்த ஒரு விதியை மனத்திற்கொண்டு நீலகிரிக்குப் போனால், அங்கே நிலவும் மற்றொரு நம்பிக்கையின் பிழையும் விளங்கும். உயரம் ஏற ஏறக் குளிர் மிகும் என்பது பகற்பொழுதுக்குப் பொருந்துமே தவிர, தெளிந்த இரவுக்கு எப்போதும் பொருந்தாது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாச் சிகரம் மேலே நிற்க, உதகையின் குதிரைப் பந்தய மைதானமும், காந்தலும், தலைகுந்தாவின் புல்வெளியும் உறைபனியில் வெளுத்துக் கிடப்பதற்குக் காரணம், குளிர்ந்த காற்று கனமாகையால், சரிவுகளில் மெல்ல வழிந்து பள்ளங்களில் போய்த் தேங்குகிறது என்பதே. அதற்கும் மேலே ஒரு விஷயம் உண்டு. அறிக்கையில் வரும் வெப்பநிலை, தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெண்ணிற மரப்பெட்டியின் நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவது. அங்கே 3 அல்லது 4 டிகிரி இருக்கும் அதே வேளையில், புல்நுனியில் உஷ்ணம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியிருக்கக்கூடும். '4 டிகிரிதானே, கருகாது' என்று எண்ணி இருந்துவிட்டவரின் தேயிலைக் கொழுந்து காலை வெயிலில் கருகிப்போவது இதனால்தான். கோத்தகிரி மிலார்ச் செடியைப் பரப்பி மலர்ச்செடிகளை மூடியும், விடியலில் புல்தரைக்குத் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைத்தும் உதகைப் பூங்காத் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் செய்யும் காரியத்தில், அச்சிட்ட எண்ணைவிட அதிகமான விவேகம் இருக்கிறது. இந்த உறைபனியைக் கண்டவுடன் 'காஷ்மீரைப்போல் பனி பொழிந்தது' என்று எழுதுகிறார்கள்; வானிலிருந்து அங்கே எதுவும் பொழிவதில்லை, காற்றிலுள்ள ஈரமே புல்லின்மேல் படிந்து உறைகிறது.

இனி, அண்மைக் காலத்தில் எல்லோர் வாயிலும் புகுந்துவிட்ட லா நினா. பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலும் கிழக்கிலும், பூமத்திய ரேகையை ஒட்டிய நீர்ப்பரப்பு வழக்கத்தைவிட அரை டிகிரியோ அதற்கு மேலோ குளிர்ந்து, அந்த நிலை சில மாதங்கள் நீடிப்பதையே அப்பெயரால் குறிக்கிறார்கள். அது வந்த ஆண்டுகளில் வட இந்தியாவில் குளிர் சற்று மிகுவதும், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சற்றுக் குறைவதும் பொதுவான சாய்வு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாய்வை விதியென்று கொள்வதுதான் தவறு. 2016-ல் வலுக்குறைந்த லா நினா இருந்தது. தமிழ்நாட்டில் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்து வறட்சி வந்தது. 2021-லும் லா நினாதான். அவ்வாண்டோ இயல்பைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகமாகக் கொட்டித் தீர்த்தது. வட நாட்டையும் பார்ப்போம். 2022-23 குளிர்காலம், தொடர்ந்து மூன்றாம் முறையாக வந்த லா நினாவின் காலம். ஜனவரியில் டில்லி விறைத்தது உண்மை, ஆனால் அதையடுத்த பிப்ரவரியில் நாட்டின் சராசரிப் பகல் வெப்பம், 1901 முதல் வைத்திருக்கும் கணக்கில் அதுவரை எந்தப் பிப்ரவரியும் காணாத அளவுக்கு உயர்ந்தது. வட இந்தியாவின் குளிரை நாளுக்கு நாள் நிர்ணயிப்பவை, மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றி மேற்கிலிருந்து அலையலையாக வரும் வானிலைக் கலக்கங்கள். அவை வரும்போது மேகம் கவிந்து இரவுகள் சற்று வெதுவெதுப்பாகும். அவை கடந்தபின் வடமேற்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். 2024 ஜனவரியில் அவை வலுவற்றுப் போகவே, காஷ்மீரின் குல்மார்க் மாத இறுதிவரை பனியின்றி வெறிச்சென்று கிடக்க, கீழே கங்கைச் சமவெளியோ மூடுபனியால் பகலெல்லாம் வெயில் காணாமல் நடுங்கியது. பசிபிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்த விசித்திரத்துக்கு என்ன காரணம் சொல்வார்?

இவ்வளவு சிக்கலுக்கிடையே இந்திய வானிலை ஆய்வுத் துறை டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்குமான முன்னோட்டத்தைக் குளிர்காலத் தொடக்கத்தில் வெளியிடுகிறது. 'இரவு வெப்பநிலை இயல்பைவிட அதிகம் என்றார்கள், நேற்று விறைத்துவிட்டதே' என்று அதைப் பொய்யென்பவர்கள் அதைப் படிக்கவேண்டிய விதத்தில் படிக்கவில்லை என்றே நான் துணிந்து சொல்வேன். இயல்புக்குக் கீழே, இயல்பை ஒட்டி, இயல்புக்கு மேலே என்ற மூன்று பிரிவுகளில் எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று மூன்று மாதச் சராசரியைப் பற்றியே அது பேசுகிறது. எந்தக் குறிப்பும் கிடைக்காத நிலையில் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு பிரதேசத்தில் மேலே செல்வதற்கு 55 சதவீதம் என்றிருந்தால், அவ்வாறு நேராமற் போக 45 சதவீத வாய்ப்பு இருப்பதையும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டிருக்கிறது. நேர்ந்துவிட்டாலுங்கூட, சராசரி உயர்ந்த அந்தத் தொண்ணூறு நாட்களுக்குள்ளே ஒரு வாரக் கடுங்குளிர் தாராளமாக அடங்கும். விதை, மின்சாரம், மருந்துக் கையிருப்பு ஆகியவற்றைத் திட்டமிடுவோருக்கு அது பயன்படும். இன்றிரவு நாற்றை மூடுவதா வேண்டாமா என்பதற்கு அன்றாட அறிக்கையையும் மாலை வானத்தையுமே பார்க்கவேண்டும்.

'அந்தக் காலத்துக் குளிர் இப்போது இல்லை' என்று பெரியவர்கள் சொல்வதும், 'இயல்பான குளிர்' என்று அறிக்கை சொல்வதும் முரணாகத் தோன்றினாலும், இரண்டும் ஒருங்கே மெய்யாக இருக்கக்கூடும். இன்று இயல்பு என்று அளக்கப்படுவது 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுச் சராசரி. உலகம் வெப்பமாகி வரும் காலத்தில் அந்தச் சராசரியே முன்னைவிட உயர்ந்துவிட்டது. அந்த உயர்ந்த அளவுகோலைக் கொண்டு அளந்தபோதுங்கூட, 2024 இந்தியாவில் 0.65 டிகிரி மிகுந்து, 1901-க்குப் பிறகு மிக வெப்பமான ஆண்டாக முடிந்தது. அந்த ஆண்டின் தெளிந்த இரவுகளிலும் நீலகிரிப் பள்ளங்களில் புல் வெளுக்கத்தான் செய்தது.