பாலைவனப் பூங்காவில் மாணவர் தொண்டு

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமுமே நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள சொனோரன் பாலைவனமோ உயிர்கள் நிறைந்த இடம். குளிர்காலத்திலும் கோடையிலும் அங்கே மழை உண்டு. ஓங்கி வளரும் சாகுவாரோக் கள்ளியில் மரங்கொத்தி பொந்து குடையும். அது விட்டுச்சென்ற பொந்தில் சிற்றாந்தை குடியேறும். இவற்றைக் காக்கவே டூசான் நகருக்கு அருகில் சாகுவாரோ தேசியப் பூங்கா உள்ளது. 1933இல் தேசிய நினைவிடமாகத் தொடங்கிய இது, 1994இல் தேசியப் பூங்கா ஆயிற்று.

காப்பதற்கு முன், எது எவ்வளவு உள்ளது என்று அறிய வேண்டும். இப்பணி ஊழியர்களால் மட்டும் முடிவதன்று. எனவே மாணவரும் பொதுமக்களும் துணை நிற்கின்றனர். 2011 அக்டோபரில் 24 மணி நேரம் நடந்த உயிரினக் கணக்கெடுப்பில் பள்ளி மாணவர் பலர் அறிவியலாருடன் கலந்துகொண்டனர். பூங்காவின் பட்டியலில் அதுவரை இல்லாத பல உயிர்கள் அப்போது தெரியவந்தன.

விலங்குகளைக் கண்காணிக்கத் தானியங்கிக் காமிராக்களும் உதவுகின்றன. வெப்பமுள்ள உடல் அசைந்தால் காமிரா தானே படமெடுக்கும். நாளும் நேரமும் அதில் பதியும். சில வேளைகளில் காற்றில் ஆடும் புல்லும் படமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் பொறுமையாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

ஆர்வம் மட்டும் போதாது, அடக்கமும் தேவை. பாலைவன ஆமை தன் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து வைக்கிறது. நாம் ஆசையாகத் தூக்கினால், அது அஞ்சி அந்நீரை வெளியேற்றிவிடும். வறண்ட காலத்தில் அவ்விழப்பு அதன் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே தொடாமல் பார்ப்பதே முதற்பாடம்.

இரண்டாவது பாடம் உண்மை எழுதுவது. 1990 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, தொண்டர்கள் உதவியுடன் அங்கே சாகுவாரோக் கள்ளிகளும் எண்ணப்படுகின்றன. முதற்கிளை விடவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகக்கூடிய செடி அது. 1990களுக்குப் பின் இளங்கன்றுகள் மிகக் குறைவாகவே தோன்றியுள்ளன என்பதும், வறட்சி அதற்கொரு காரணம் என்பதும் இக்கணக்கால் விளங்கின. தேடியும் கன்று கிடைக்காத இடத்தில் ஒருவர் வெட்கப்பட்டு, இருப்பதாக எழுதியிருந்தால் இவ்வுண்மை மறைந்திருக்கும். நாளைய மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் வரவிருக்கும் வீட்டுப் பஞ்சத்தை யார் அறிந்திருப்பார்?

நம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும், எதிர்பார்த்த விடை வராதபோது தோழியின் ஏட்டைப் பார்த்து எழுதத் தோன்றும். அவ்வேளையில் அப்பாலைவனத் தொண்டரை நினைப்போம். கண்டதைக் கண்டபடி எழுதுவோம். காணாததைக் காணவில்லை என்றே எழுதுவோம்.