தானியங்கி கியர் கார்: வாங்குமுன் இரண்டு கணக்குகள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ச் சாலைகளில் நின்று நின்று செல்வோருக்குத் தானியங்கி கியர் ஆடம்பரமன்று, இடக்காலுக்கு ஓய்வு. 2014இல் மாருதி செலேரியோவுடன் அறிமுகமான ஏ.எம்.டி. முறை, அவ்வசதியைச் சிறு கார்களுக்கும் எட்டச் செய்தது.

முதற்கணக்கு இயந்திரத்தைப் பற்றியது. ஏ.எம்.டி.யில் இருப்பது வழக்கமான கியர்ப்பெட்டியே. கிளட்சைக் காலுக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. ஆகவே கிளட்ச் தேய்மானம் இதிலும் உண்டு. மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் சூடேறி விரைவில் தேயும். பிரேக்கைப் பயன்படுத்துவதே முறை. சி.வி.டி. வகை நெரிசலில் மென்மையாகச் செல்லும், விலை கூடுதல். சோதனை ஓட்டத்தை மாலை நெரிசலில், மேம்பாலம் ஒன்றின் வழியே மேற்கொள்ளுதல் நன்று.

இரண்டாம் கணக்கு கடனைப் பற்றியது. ஏ.எம்.டி.க்கான கூடுதல் விலை பெரும்பாலும் 50,000 ரூபாயை ஒட்டியது. 5 லட்சம் ரூபாய்க் கடனை 9 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 10,380 ரூபாய். 7 ஆண்டுகளெனில் சுமார் 8,045 ரூபாய். தவணை குறைகிறது, மொத்த வட்டியோ ஏறத்தாழ 53,000 ரூபாய் கூடுகிறது. கியருக்குத் தந்த கூடுதல் விலையை மறுமுறையும் தருவதற்கு இது ஒப்பாகும். தவணை பாரமெனில், காலத்தை நீட்டாது முன்பணத்தைக் கூட்டுங்கள்.