அடுக்களை வெங்காயம் விதைக்கு ஆகுமா?

நிலக்கோட்டை என்றதும் மல்லிகைதான் நினைவுக்கு வரும். ஆனால் இவ்வட்டாரத்தில் கொல்லைப்புறத்திலோ கிணற்றடியிலோ சிறிது இடம் உள்ளவர்கள், கடையில் வாங்கும் காய்கறிகளிலிருந்தே புதிய செடிகளை உண்டாக்கிக் கொள்ளலாம். எல்லாக் காய்க்கும் இது பொருந்தாது என்பதை மட்டும் முதலிலேயே அறிந்து கொள்ள வேண்டும்.

இதற்கு முற்றிலும் ஏற்றது சின்ன வெங்காயம். இதில் குழம்புக்கும் விதைக்கும் ஒரே குமிழ்தான். திண்டுக்கல் பேட்டையிலிருந்து வரும் வெங்காயத்தில் நடுத்தரப் பருமனும் கெட்டித்தன்மையும் உள்ளவற்றைப் பொறுக்கி எடுக்கவும். கருப்புத் தூள் படிந்தவை, அமுக்கினால் மெத்தென்று இருப்பவை, அடியில் வெண்பூசணம் கண்டவை ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். புதிதாக அறுவடையான வெங்காயத்துக்கு உறக்கக் காலம் உண்டு. உடனே நட்டால் சீராக முளைக்காது. ஒன்றிரண்டு மாதம் காற்றாடக் கிடந்த வெங்காயமே நல்லது. கூடையில் தானாக முளைவிட்டவற்றைத் தாராளமாக நடலாம்.

செம்மண்ணுடன் மக்கிய தொழு உரத்தைக் கலந்து, 10 செ.மீ. இடைவெளியில், வேர்ப்பக்கம் கீழே இருக்குமாறு ஊன்றவும். கழுத்து மண் மட்டத்தில் இருந்தால் போதும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு வாரம் ஒரு முறை. ஐப்பசி மழையில் நீர் தேங்கும் இடம் ஆகாது. சுமார் 70 நாட்களில் தாள் மஞ்சளாகிச் சாயும். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பிடுங்கினால் ஒரு குமிழ் நான்கைந்தாகப் பிரிந்திருக்கும்.

கொல்லையில் பலித்ததே என்று இதை அப்படியே வயலுக்குக் கொண்டு போகக் கூடாது. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம் தேவை. விலை சரிந்த நேரத்தில் பேட்டையில் கலப்பு வெங்காயத்தை வாங்கி நடுவோர் உண்டு. அதனுடன் அடியழுகல் நோயும் வந்து சேர்ந்தால், அந்தப் பூசணம் பல ஆண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடும். கொல்லையில் போனால் ஒரு கைப்பிடி, வயலில் போனால் முதலே போய்விடும். ஆகவே நோயற்றது என்று கண்ணால் பார்த்த வயலிலிருந்து விதை எடுப்பதே பாதுகாப்பு. டிரைக்கோடெர்மா விரிடி கொண்டு விதை நேர்த்தி செய்வது நல்லதுதான். உள்ளே அழுகியதை அது குணப்படுத்தாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.5 இரகத்தை விதை மூலமாகவும் பயிரிடலாம்.

பெரிய வெங்காயத்தை நட்டால் தாள் கிடைக்கும், கொத்தாகப் பெருகாது. கடைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு இரகம். அதன் விதை முளைக்கும், ஆனால் ஐந்து செடியும் ஐந்து விதமாகக் காய்க்கும். வீட்டுக்குப் பரவாயில்லை. கத்தரியும் வெண்டையும் பிஞ்சில் பறிக்கப்படுவதால் விதை முற்றியிராது. பாகல் பழுத்து மஞ்சளாகிவிட்டால் அதன் விதையை ஊன்றலாம். கொத்தமல்லியை இரண்டாக உடையும்படி தேய்த்து விதைக்க வேண்டும். புதினாவின் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். சேப்பங்கிழங்கும் எளிதில் வரும்.

மளிகைக் கடை மஞ்சள் முளைக்கவில்லை என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது வேகவைத்துக் காயவைத்தது, எப்படி முளைக்கும்? பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தின் கிழங்கை மணலில் போட்டு வைத்து, வைகாசியில் நட்டுப் பாருங்கள்.

உருளைக்கிழங்கை மட்டும் விட்டுவிடலாம். இரவிலும் வெப்பம் குறையாத நம் சமவெளியில் செடி வளர்ந்தாலும் கிழங்கு சரியாகப் பிடிக்காது. கொடைமலையில் தோட்டம் உள்ளவர்களோ கடைக் கிழங்கை விதையாக நடவே கூடாது. 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு, கிழங்கில் ஒட்டிய மண்ணுடனேயே பரவக்கூடியது. முளைவிட்டுப் பச்சை பூத்த கிழங்கைச் சமையலுக்கும் சேர்க்க வேண்டாம்.